கோடைக் கிண்ணம்

பங்குனி வெயில் ஏறிவிட்டால், நாம் வாழும் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் சூடான தேநீரைக் கையில் ஏந்தவே மனம் கூசும். ஆயினும் தேநீரை விடுவார் இல்லை. இவ்விக்கட்டுக்கு ஜப்பானியர் பாத்திரத்தின் வடிவிலேயே வழி கண்டனர். கடுங்குளிரில் அவர்கள் எடுப்பது வாய் குறுகி உயர்ந்த கிண்ணம். சூடு அதில் தங்கும். கோடைக்குரியதோ கையால் வனைந்த 'ஹிரா சவான்'; வாய் அகன்றது, ஆழம் குறைந்தது. பரப்பு விரிவதால் பச்சைத் தேயிலைத் தூள் கலந்த பானம் விரைவில் ஆறும். விருந்தினர் சொல்லுமுன் அவருடைய வெம்மையை உணரும் உபசாரம் அது.

அக்கலை தமிழ் மண்ணையும் எட்டியுள்ளது. ஜப்பானின் பிஜென் நகரில் மட்பாண்டத் தொழில் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினார்.

எனினும் அக்கிண்ணத்தின் சூட்சுமம் நமக்குப் புதிதன்று. டம்ளர் சூட்டைக் காக்கும்; டபரா ஆற்றும். ஜப்பானியர் இரு பருவங்களுக்குப் பிரித்து வைத்ததை நம்மவர் ஒரே ஜோடியாக்கினர். வெளிமாநிலங்களில் குடியேறிய நம் இல்லங்களிலோ டபரா பரணேறி வருகிறது. பிள்ளைகள் அதன் பயனை அறியாமல் வளர்கின்றனர். பாத்திரம் மறைந்தால் அதனுள் உறையும் அறிவும் மறையும். இக்கோடையில் அதைக் கீழே இறக்குவோம். வருபவர்க்கு அதிலேயே ஆற்றிக் கொடுப்போம்.