குழப்படிக்காரப் பிள்ளையும் போதைப் பழக்கமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



போதைப் பொருள்களின் தீமை பற்றிப் பேசுமாறு உங்கள் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அத்தீமையை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். சுவரொட்டிகளிலும் மேடைகளிலும் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆகையால், ஒரே ஒழுங்கையில் ஒன்றாய் வளர்ந்த பத்துப் பிள்ளைகளுள் ஒருவன் மாத்திரம் அதில் அகப்பட்டுக்கொள்வது ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். அதில் என் பங்கும் உண்டு என்பதால் சற்றுக் கூச்சத்துடனேயே பேசவேண்டியிருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் உபாத்தியாயராக இருந்தவன் நான். ஒரு வருடம் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாங்கில் இருந்தால் கால் ஆடும். கால் நின்றால் கை பென்சிலை முறிக்கும். கேள்வி முடியுமுன் விடை சொல்லிவிடுவான். அநேகமாகச் சரியான விடைதான். ஆனால் கொப்பி வீட்டில், பேனை வழியில், கணக்குப் பாதியில். பிரம்பால் அடித்தேன், வாங்கின் மேல் ஏற்றினேன். தேர்ச்சி அறிக்கையில் மூன்று தவணையும் "கவனமில்லை, குழப்படி" என்றே எழுதினேன். ஒன்பதாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டான். சில காலத்தின் பின் கடைவாசலில் சிகரெட்டும் கையுமாக அவனைக் கண்டு அதட்டினேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இதைப் பிடிச்சால்தான் சேர், தலை ஒரு இடத்திலை நிக்குது" என்றான். சாட்டுச் சொல்கிறான் என்று எண்ணி வந்துவிட்டேன்.

அது சாட்டு மாத்திரம் அன்று என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

அவதானக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த இக்கோளாற்றை ஆங்கில எழுத்துக்களால் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வர். இது நேற்றுக் கண்டுபிடித்த நூதனம் அன்று. 1902ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், புத்தியில் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள மாட்டாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். உலகில் நூறு பிள்ளைகளுள் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது உண்டென்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. வளர்ப்புப் பிழையால் வருவதன்று; பரம்பரையின் பங்கே பெரிது. பெண் பிள்ளைகளிடத்தில் இது பல வேளை துள்ளலாகத் தோன்றாது, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மௌனமாக இருக்கும். அதனால் அவர்கள் நம் கண்ணில் படுவதேயில்லை.

இப்பிள்ளைகள் வளர்ந்தபின் புகையிலை, மது, கஞ்சா முதலியவற்றுக்கு அடிமையாகும் வாய்ப்பு, பொருளுக்குப் பொருள் வேறுபட்டாலும், ஏனையோரைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று மடங்கு எனப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் கணக்கிட்டிருக்கிறார்கள். புகையிலையிலேதான் அது மிக அதிகம். மறுபுறமாகப் பார்த்தால், போதைச் சிகிச்சைக்கு வருவோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இக்கோளாறு இருக்கிறது. இக்கோளாறு உள்ள எல்லாரும் அடிமையாவர் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். மிகப் பலர் நல்லாகவே வாழ்கிறார்கள்.

தொடர்பு எங்கே இருக்கிறது? மூளையில் டோபமின் என்றொரு பொருள் உண்டு. "இது செய்யத்தக்கது, இதில் நில்" என்று மனத்தைத் தூண்டுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இக்கோளாறு உள்ளோரிடத்தில் அத்தூண்டல் செவ்வனே நடைபெறுவதில்லை என்று கருதப்படுகிறது. சிகரெட்டின் நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளையை அடைந்து, சற்று நேரம் கவனத்தைக் கூர்மையாக்குகிறது. தலை ஒரு இடத்தில் நிற்கிறது என்று அந்தப் பையன் சொன்னது மெய்யே. அந்தச் சற்று நேரம் கழிந்ததும் முன்னிலும் மோசமாகிறதே, அதுதான் கண்ணி. அன்றியும், நாளை வரும் கேட்டை எண்ணி இன்றைய கையைத் தடுக்கும் ஆற்றல் இவர்களிடம் இயல்பிலேயே குறைவு. நண்பன் நீட்டினால், யோசிக்குமுன் கை போய்விடும்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. நாள்தோறும் வகுப்பில் ஏச்சு, வீட்டில் ஏச்சு. "நீ உருப்படமாட்டாய்" என்று ஆயிரம் முறை கேட்ட பிள்ளை, தன்னை ஏசாதவர்களைத் தேடிப் போகிறான். அவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இதில் என் பிரம்புக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்லமுடியாது.

இனி மருந்து. பெற்றார் பலர், "ஐயா, அந்தக் குளிசையே ஒரு போதைதானே, அதைக் கொடுத்துப் பிள்ளையை நாமே கெடுப்பதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம். முதன்மையாகக் கொடுக்கப்படும் மெதைல்பெனிடேற் ஊக்கி வகையைச் சேர்ந்தது. 1944இல் சுவிற்சலாந்தின் சீபா கம்பனியில் பனிசோன் என்பவர் அதனை ஆக்கினார். தம் மனைவி ரீற்றாவின் பெயரால் அதற்கு ரிட்டலின் என்று பெயர் வந்தது. சோதனைக் காலத்தில் தோழனின் குளிசையை வாங்கி விழுங்குவதும், தூளாக்கி மூக்கில் இழுப்பதும் ஆபத்தான காரியங்கள். ஆனால் வைத்தியர் சொன்ன அளவில் வாயால் உட்கொள்ளும்போது அது மெல்ல மெல்ல மூளையைச் சேர்கிறது; போதையின் வெறியைத் தருவது பெரும்பாலும் அந்த வேகமேயன்றி வேறில்லை. சிறுவயதில் இம்மருந்து உண்டவர்கள் பின்னர் அதனால் அதிகம் அடிமையாகவில்லை என்பதை 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. குறையவும் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. சுவீடன் நாட்டுப் பதிவேடுகளையும் அமெரிக்கக் காப்புறுதிப் பதிவுகளையும் 2014இலும் 2017இலும் ஆராய்ந்தவர்களோ, மருந்து உண்போரிடையே போதைத் தொல்லை குறைவாகக் கண்டார்கள். ஆகவே மருந்து கவசம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். படுகுழி என்பது மட்டும் பொய். ஏற்கெனவே போதையில் விழுந்தவருக்குக் கொடுக்கும்போது, ஊக்கியல்லாத அற்றொமொக்செற்றின் போன்ற மருந்தோ, மெல்லக் கரையும் வகையோ வைத்தியரால் தெரிந்தெடுக்கப்படுவதுண்டு.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். போதையில் விழுந்த ஒருவனைத் திருத்தப் புறப்படுமுன், ஏழு வயதில் அவன் எப்படி இருந்தான் என்று அவனுடைய தாயைக் கேளுங்கள். இன்றைய வைத்தியரும் அதையே கேட்கிறார். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பது நோயை நிச்சயிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று.

சென்ற வருடம் அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன்; தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தன் மகனை வைத்தியரிடம் காட்டப் போன இடத்தில், தகப்பனுக்கும் இருக்கலாம் என்று சொல்லி, பழைய பாடசாலை அறிக்கை உண்டா என்று கேட்டார்களாம். தாயார் தகரப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். அவன் அதை என்னிடம் நீட்டி, "சேர், உங்கடை எழுத்து டொக்டருக்கு விளங்கேல்லையாம். வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றான்.

மூன்று தவணையையும் வாசித்தேன். குரல் சரியாக வரவில்லை. அவன், "ஓம் சேர், அதைத்தான் டொக்டர் கேட்டவர்" என்று சொல்லி, அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சிகரெட் பெட்டியும் அதே பையில்தான் இருந்தது.