முழுகாமல் இருக்கிறாளா? முதல் அறிகுறிகளை அறிவோம்

(நமது சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆண்களும் வந்து உட்கார்ந்திருப்பதில் சந்தோஷம். இது அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

ஒரு பெண் உண்டாகியிருந்தால் நம் பாட்டிமார் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பார்கள். மாதவிலக்கு வந்தால் தலைமுழுக வேண்டும். இந்த மாதம் முழுகவில்லை என்று பொருள். முதல் அறிகுறி எது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. வாந்தியோ தலைசுற்றலோ அல்ல, நாள் தள்ளிப்போவதுதான்.

அதனால் தேதியைக் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் தேதி கேட்டால் பலர் தலைக்குக் குளித்த நாளைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உதிரம் பட்ட முதல் நாள். அதிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் தேதி சொல்வார்கள். நம் மேல்மலையனூரில் அமாவாசையை யாரும் மறப்பதில்லை. காலண்டரில் குறிக்க மறந்தாலும், ‘ஊஞ்சல் உற்சவத்துக்கு மூன்று நாள் முன்னே’ என்று நினைவு வைத்தால் போதும்.

அடுத்த அறிகுறிகள்: மார்பு கனத்து வலிப்பது, காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் வருவது, தாளிப்பு வாசனை கூடப் பிடிக்காமல் போவது. மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில்தான் தொடங்கும். காலையில் மட்டுமில்லை, எந்நேரமும் வரும். சிலருக்கு வரவே வராது. வாந்தி இல்லை என்பதால் கர்ப்பம் இல்லை என்று நினைக்காதீர்கள். சிலருக்கு நாள் தள்ளும் சமயத்தில் இலேசாக உதிரம் படும். அதை மாதவிலக்கு என்று எண்ணினால் கணக்கு ஒரு மாதம் பிசகிவிடும்.

அதேபோல, நாள் தள்ளினாலே கர்ப்பம் என்றும் முடிவு கட்டக் கூடாது. நீர்க்கட்டி, தைராய்டு, மனக்கவலை, திடீரென உடல் இளைப்பது எல்லாமே மாதவிலக்கைத் தள்ளிப்போடும். சோதித்துப் பார்ப்பதுதான் வழி. மருந்துக்கடையில் கிடைக்கும் சோதனை அட்டையை, நாள் தள்ளிய பிறகு, காலையில் முதலில் போகும் சிறுநீரில் பாருங்கள். அட்டையில் எழுதிய நேரத்துக்குள் படியுங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். ஒரே கோடு என்றால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். சர்க்கரை, உப்பு, பற்பசை போட்டுப் பார்ப்பதெல்லாம் நம்பத்தக்கதல்ல.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கலாம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான நாலு வாரத்தில் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளி இரண்டே வாரம். அதற்குத் தேவையானது போலிக் அமிலம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கேட்டு அந்த மாத்திரையைத் தொடங்குவது நல்லது. வலிப்பு நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், முகப்பருவுக்கு விழுங்கும் சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் கேளுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், ‘நாள் தள்ளியிருக்கிறது’ என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

இனி சொல்வதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கம் கடும் வலி, உதிரப்போக்கு, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. கஷாயம் வைத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தண்ணீர் கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது என்றாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கர்ப்பம் உறுதியானால் 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் ‘பிக்மி’ எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். அதற்கும் இந்த 12 வாரப் பதிவு தேவை. நம் வீடுகளில் வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். மேல்சிகிச்சை வேண்டுமென்றால் செஞ்சி, திண்டிவனம் அரசு மருத்துவமனைகளும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

கடைசியாக மாமியார்மாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ‘என்னம்மா, விசேஷம் உண்டா?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பெண் வலி வந்தாலும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாள். அவளாகச் சொல்லட்டும். சொன்ன பிறகும், அவள் சம்மதம் இல்லாமல் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கணவன்மார் சோதனை அட்டை வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல் முதல் பரிசோதனைக்குக் கூடவே போங்கள்.

அம்மனுக்கு விரதம் இருக்கும் பெண்களே, நாள் தள்ளியிருந்தால் வெறும் வயிற்றோடு இரவு முழுக்கக் கூட்டத்தில் நிற்காதீர்கள். வீட்டிலிருந்தே கும்பிட்டாலும் அங்காளம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் தாய்தானே.