புரோட்டானுக்கு ஆயுள் உண்டா?



மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசியை வைத்தால் ஊசி திரும்பும். 1820-இல் ஆர்ஸ்டெட் கண்டது இதைத்தான். வேறு வேறு என்று நினைத்திருந்த மின்சாரத்தையும் காந்தத்தையும் பின்னர் மேக்ஸ்வெல் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார். 'எல்லா விசைகளும் ஒன்றா?' என்ற கேள்விக்குள் மாணவர்களை அழைத்துச் செல்ல இதைவிட எளிய வாசல் இல்லை.

1974-இல் ஜார்ஜை, கிளாஷோ இருவரும் ஈர்ப்பு விசை நீங்கலாக மற்ற மூன்று விசைகளையும் ஒன்றாக்கும் கொள்கையை முன்வைத்தார்கள். அது சரியென்றால் புரோட்டானும் ஒருநாள் சிதைய வேண்டும். சராசரி ஆயுள் ஏறத்தாழ 10³¹ ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்! அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு புரோட்டானை 10³¹ ஆண்டுகள் பார்ப்பதற்குப் பதிலாக, 10³¹ புரோட்டான்களை ஓராண்டு பார்த்தால் போதும். அரை ஆயுட்காலம் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படிப் பார்த்த இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கம் அது. அங்கே 2,300 மீட்டர் ஆழத்தில், 1980-இன் இறுதியில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா குழுவும் 140 டன் இரும்புக் கருவியை இயக்கின. காஸ்மிக் கதிர்களைத் தடுக்க மேலே அவ்வளவு பாறை வேண்டும். ஒரு கிராமில் புரோட்டான், நியூட்ரான் சேர்த்து 6×10²³ துகள்கள். 140 டன்னில் சுமார் 8×10³¹. கொள்கைப்படி நியூட்ரானும் அவ்வாறே சிதையும். ஆக, ஆண்டுக்கு ஏழெட்டுச் சிதைவுகள் நிகழ வேண்டும்.

சிதைவு போலத் தோன்றிய சில நிகழ்வுகள் கோலாரில் பதிவாயின. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானின் கமியோகாவிலும் ஆயிரக்கணக்கான டன் நீரை வைத்துப் பார்த்தவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. 1974-இன் அந்த எளிய கொள்கை விழுந்தது. தேடியது கிடைக்காத கமியோகா கருவியில்தான் 1987-இல் வெடித்த விண்மீனின் நியூட்ரினோக்கள் சிக்கின என்பது தனிக்கதை.

ஈர்ப்பு விசையையும் சேர்த்துக்கொள்ள முயல்வது இழைக்கொள்கை. கணிதம் வளமானது. ஆனால் கோலாரில் செய்ததுபோல் அதை நேரடியாகச் சோதிக்க இன்னும் வழியில்லை. மாணவர் கேட்டால் இதை அப்படியே சொல்லிவிடலாம். பாடநூலில் வென்ற கொள்கைகள் மட்டுமே இருப்பதால், தோற்ற கொள்கையும் அறிவியலின் பகுதிதான் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போகிறது.

கணக்கு ஒன்று தருகிறேன். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முன்மாதிரியாக நம் மதுரையில் 85 டன் இரும்புக் கருவி அமைத்தார்கள். (அத்திட்டம் பற்றிய விவாதம் நீங்கள் அறிந்ததே.) இன்றைய சோதனைகளின்படி புரோட்டானின் ஆயுள் 10³⁴ ஆண்டுகளுக்கும் மேல். அப்படியானால் அந்த 85 டன்னில் ஒரே ஒரு சிதைவு நிகழ எவ்வளவு காலம் ஆகும்? பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது 200 ஆண்டுகள் என்று விடை வரும்.