உட்கார வைக்கப்பட்டவர்களின் இருதயம்

(செங்கற்பட்டில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைப் பார்க்கப் போனவர்கள் நரிக்குறவ மக்களைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தரையில் துணி விரித்துப் பாசிமணியும் ஊசியும் பரப்பி, இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். "சோம்பேறி ஜனங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் கார்க்காரர்கள். இவர்களை உட்கார வைத்தது யார்?

இவர்கள் நடந்தே வாழ்ந்தவர்கள். வலையும் கண்ணியும் தூக்கிக்கொண்டு காடை, கவுதாரி தேடி ஏரிக்கரையிலும் புதர்க்காட்டிலும் நாள் முழுதும் நடந்தார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு உயிரைக் காப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. வேட்டையைத் தடுத்த சர்க்கார் மாற்றுத் தொழில் கொடுத்ததா என்பதே கேள்வி. இதே கரையில், வடநெம்மேலியில், 1978ல் இருளர் மக்களுக்குப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, மருந்துக்காக விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். தெரிந்த கலை, தெரிந்த காடு, கையில் கூலி! நரிக்குறவருக்கு ஏன் அப்படியொன்று அமையவில்லை?

உட்கார்ந்தால் இருதயத்துக்கு என்ன வரும்? லண்டன் மாநகர மாடிப் பஸ்களில் டிரைவர் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் நாளெல்லாம் படி ஏறி இறங்கினார். ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் இவர்களை ஆராய்ந்து 1953ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே பஸ்தான், ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம்.

ஐரோப்பாவில் ரோமா என்றொரு மக்கள் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் பாஷையும் நரிக்குறவரின் வாக்ரிபோலியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊர் ஊராய்த் திரிந்து பிழைத்தவர்கள் இன்று பல தேசங்களில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். மற்றவர்களைவிடக் குறைந்த வயதில் சாகிறார்கள். இருதய நோய் அதற்கொரு பெரிய காரணம்.

இங்கே உங்களில் சிலர் சிரிப்பது தெரிகிறது. "நாங்கள் மூட்டை சுமக்கிறோம், நாற்று நடுகிறோம், எங்கள் இருதயம் இரும்பு" என்கிறீர்கள். அப்படி இல்லை, தோழர்களே! டென்மார்க்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் பரிசீலித்து 2021ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓய்வு நேரத்தில் நடந்து ஓடுபவருக்கு இருதய ஆபத்து குறைவு என்றும், வேலையிலேயே உடம்பை முறிப்பவருக்கு அதிகம் என்றும் தெரிந்தது. காரணம் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நமக்கு ஒன்று புரிகிறது: தானாக நடப்பவன் களைத்தால் நிற்பான், மேஸ்திரி நிற்க விடமாட்டான். எட்டு மணி வேலை, நடுவே இளைப்பாறல் என்ற நம் பழைய கோரிக்கை இருதய வைத்தியமும்தான்.

அதற்காகப் பீடியையும் கருவாட்டு உப்பையும் முதலாளி தலையில் கட்டிவிடாதீர்கள்! அவற்றைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. இரத்தக் கொதிப்பு வலிக்காமலே கொல்லும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி நரிக்குறவரிடம் வருவோம். கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவப் பெண் எழுப்பப்பட்ட செய்தி பரவிய பிறகு, 2021 நவம்பரில் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து பட்டா வழங்கினார். 2022 டிசம்பரில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டமும் பார்லிமெண்டில் நிறைவேறியது. வரவேற்கிறோம். ஆனால் மருந்து? மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. திருவிழாவுக்குத் திருவிழா பாசி விற்கப் போகிறவர், மாத்திரை வரும் நாளில் எந்த வாசலில் இருப்பார்?

ஆகவே நம் மனுவில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறோம். இரத்தக் கொதிப்புப் பரிசோதனை குடியிருப்பிலும், செங்கற்பட்டு பஸ் நிலையத்திலும், கடற்கரைக் கோயில் பக்கத்திலும் சாயங்காலத்தில் நடக்க வேண்டும். ஒரு ஊரில் தந்த சீட்டுக்கு எந்த ஊரிலும் மாத்திரை தரவேண்டும். காடு தெரிந்த இந்த மக்களுக்கு வனத்துறையில் காவல் வேலையும் மரம் நடும் வேலையும் வேண்டும். கையெழுத்துத் தாள் மேஜையில் இருக்கிறது. நரிக்குறவத் தோழர்கள் முதலில் போடட்டும். பின்னால் நாம் போடுவோம்.