பள்ளியைப் பற்றி ஊரார் அபிப்பிராயம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி எப்படி நடக்கிறது என்று எவரேனும் வினவினால் என்ன விடை கூறுவீர்கள்? பெரும்பாலோர் “பரவாயில்லை” என்பர். சிலர் சென்ற ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லுவர். இவ்விரண்டு விடைகளாலும் பள்ளியின் தன்மை விளங்குவதில்லை. 2025ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் மாநிலத்தில் தேறியவர்கள் நூற்றுக்கு 93.80 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறும் தேர்வை மட்டும் கொண்டு ஒரு பள்ளியை மதிப்பிடுவது, ஈரத்தையும் பதரையும் பாராமல் மூட்டைகளை எண்ணி நெல்லுக்கு விலை பேசுவது போன்றதாகும். 35 மதிப்பெண் பெற்றவனும் தேறியவனே, 95 பெற்றவனும் தேறியவனே. ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிட்ட பையனோ அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே, பள்ளியின் தரத்தை அறிய வேண்டுமானால் அதில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரையும், அங்கே நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்து வரும் மாணவரையும் கேட்கவேண்டும். கேட்பது எளிது போலத் தோன்றும். உண்மையில் அது அத்துணை எளிதன்று. அதைப் பற்றியே இன்று சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வசதியுள்ளவர் தம் நிலத்தில் கிணறு வெட்டினார். பின்னர் ஆழ்குழாயும் இறக்கினார். அதன்பின் மதகு பழுதுபட்டதா, வரத்துக் கால்வாய் தூர்ந்ததா என்ற கவலை அவருக்கு இல்லாமற்போயிற்று. குடிமராமத்துக்கு ஆள் அனுப்புவதும் நின்றது. ஆனால் ஊரிலே அதிகாரியின் முன் சென்று வாதாட வல்லவர் அவரே. அவர் விலகிக்கொண்ட பின், ஏரியை மட்டுமே நம்பியிருந்த கடைமடைக்காரனின் குரலைக் கேட்பார் எவருமில்லை. ஏரி பாழானதற்கு மழை மட்டும் காரணமன்று.

நம் உயர்நிலைப் பள்ளிகளிலும் இதுவே நடந்து வருகிறது. காலையில் மஞ்சள் நிற வேன் ஊருக்குள் வந்து, நிலபுலம் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லுகிறது. நகை அடகு வைத்தேனும் அந்த வேனில் பிள்ளையை ஏற்றுகிற சிறு விவசாயிகளும் உண்டு. எஞ்சியிருப்பவர் கூலிவேலை செய்வோரின் பிள்ளைகள். வீட்டில் ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்று அண்ணனையோ தம்பியையோ வேனில் அனுப்பிவிட்டு, இங்கே விடப்பட்ட பெண் பிள்ளைகள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளாதார அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்திருக்கிறார். ஒரு ஸ்தாபனத்தின் தரம் குறையும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: விட்டு விலகுதல் ஒன்று; இருந்து குரல் கொடுத்தல் மற்றொன்று. பொதுப் பள்ளி தாழ்வுறுமானால் தரத்தில் மிகுந்த கருத்துள்ள பெற்றோரே முதலில் விலகுவர் என்றும், பள்ளி தன் வலிய குரலை அதனால் இழக்கிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். நம் கடைமடைக் குடியானவருக்கு இதற்கு நூல் வேண்டியதில்லை.

எஞ்சியவர்களின் குரலை யார் எடுத்துச் செல்வது? சட்டம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்படவேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல்வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் பணியே. 2022இல் நம் மாநிலத்தில் இக்குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. உள்ளாட்சி உறுப்பினர்க்கும் அவற்றில் இடம் உண்டு. ஒன்றை மட்டும் மனத்திற்கொள்ளுங்கள்: இச்சட்டம் அளிக்கும் உரிமை 14 வயது வரைக்குந்தான். ஒன்பதாம் வகுப்புப் பையனும் பெண்ணும் அந்தப் பாதுகாப்பின் எல்லையைத் தாண்டி நிற்கிறார்கள். பள்ளியை விட்டு நிற்பதும், குழந்தைத் திருமணப் பேச்சு எழுவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான்.

ஊரார் பள்ளியை நோக்கித் திரும்பிய காலம் ஒன்று முன்பும் இருந்தது. காமராசர் முதலமைச்சராகவும், திரு. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடைபெற்றது. பள்ளிக்கு வேண்டியவற்றைக் கணக்கெடுத்து, பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று ஊராரே பொறுப்பேற்றுக்கொண்டனர். அவ்வியக்கம் மாநிலமெங்கும் பரவிற்று. ஆனால் அந்நாளில் பேசியவர் கொடுக்க வல்லவரே. கொடுக்க ஒன்றுமில்லாத தாயும், அவளுடைய மகளும் என்ன நினைத்தனர் என்பதைக் கேட்டறியும் வழக்கம் அன்று ஏற்படவில்லை. இன்றும் போதிய அளவு ஏற்படவில்லை.

பெற்றோர் என்ன சொல்லுகின்றனர்? “முன்போலக் கண்டிப்பு இல்லை” என்பது எங்கும் கேட்கும் குறை. பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை என்பதை நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அந்தச் சொல்லின் அடியில் வேறொரு பொருள் இருக்கிறது: தம் பிள்ளை படிக்கிறானா என்று எவரும் கவனிப்பதில்லை என்ற அச்சம் அது. “ஆங்கிலம் வரவில்லை” என்பது மற்றொரு குறை. அடுத்தது, “கணக்குக்கு ஆசிரியர் இல்லை” என்பது. இதனை இலேசாகக் கருதவேண்டாம். சிறிய உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையே இருக்கும். அந்த ஒருவர் மாற்றலாகிச் சென்றாலோ நீண்ட விடுப்பில் சென்றாலோ, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளி முழுவதும் அந்தப் பாடத்தை இழக்கிறது. நாற்றங்காலில் நீர் தவறினால் பின்பு எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடாகாது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மாணவர் சொல்லுவது முற்றிலும் வேறு. பெற்றோர் அறியாதவை அவை. ஆய்வுக்கூடம் பூட்டியே கிடக்கிறது. நூலக அலமாரியின் சாவி எங்கே என்று தெரியாது. விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளுகிறது. மாலைப் பேருந்து சிறப்பு வகுப்பு முடியுமுன் சென்றுவிடுகிறது. பெண் பிள்ளைகளைத் தனியே, ஒரு பெண் உறுப்பினர் அமர்ந்து கேட்டால், கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமலே இருக்கிறோம் என்பார்கள். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதற்கும் அதுவே காரணம். தந்தைமார் கூடிய சபையில் இதனை எந்தப் பெண் எழுந்து சொல்லுவாள்?

இதைவிடக் கடியது ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் பள்ளித் தோழர்கள். தாம் படும் தொல்லையை அம்மாணவர் பள்ளியில் தெரிவித்த பின்னரே அது நிகழ்ந்தது. அரசு அமர்த்திய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்து, சாதி அடையாளமாக அணியும் கைக்கயிறு முதலியவற்றைப் பள்ளியில் அனுமதிக்கலாகாது என்று பரிந்துரைத்தது. மாணவனிடம் அபிப்பிராயம் கேட்கும் நாம் அவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. சொன்னவன் யார் என்பது வெளியே வரலாகாது. பெயர் எழுதாத துண்டுச்சீட்டு போதும். அதைத் திறந்து படிப்பவர் இருவராக இருக்கட்டும். இருவரும் ஒரே தெருக்காரராக இருக்கவேண்டாம்.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. “பள்ளி நன்றாக நடக்கிறதா?” என்று கேட்டால் “நன்றாக நடக்கிறது” என்பதே விடையாகும். சென்ற வாரம் கணக்குப் பாடம் எத்தனை நாள் நடந்தது? நோட்டுப் புத்தகம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? இந்த மாதம் எந்த நூலை வீட்டுக்கு எடுத்து வந்தாய்? இப்படிக் கேளுங்கள். தாய்மார்களைக் கேட்பதற்கு நடுப்பகல் கூட்டம் உதவாது. நடவிலோ களையெடுப்பிலோ இருப்பவர் அரைநாள் கூலியை இழந்து வரமாட்டார். வந்தாலும் நிலக்காரர் முன் பேசமாட்டார். விளக்கு வைத்த பின் அவர்கள் தெருவுக்கே செல்லுங்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கத் தாய்மார் தரையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கூட்டத்தால் பயனில்லை.

விலகிச் சென்றவர்களையும் கேட்கவேண்டும். இதனை ஒருவரும் செய்வதில்லை. வேனில் பிள்ளையை அனுப்புகிறவரிடம், “எது சரியானால் திரும்ப அனுப்புவீர்கள்?” என்று கேளுங்கள். அவரிடம் சொல்லவும் ஒரு செய்தி உண்டு. 2020ஆம் ஆண்டின் சட்டப்படி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று தகுதித் தேர்விலும் தேறியவர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் செல்லுகிறது என்பதைப் பலர் அறியார். எனினும் ஒதுக்கீட்டுக்காக மட்டும் பிள்ளையை அனுப்புங்கள் என்று நான் கூறமாட்டேன். கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் அந்த இடத்துக்குரிய மதிப்பெண் எங்கிருந்து வரும்?

ஆசிரியர்களைப் பற்றி ஒரு சொல். அபிப்பிராயம் கேட்கிறோம் என்றவுடன் அவர்கள் அஞ்சுவது இயல்பே. மொட்டைக் கடிதத்தால் மாற்றலானவர் கதையை அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். எனவே சீட்டில் வந்ததை முதலில் தலைமையாசிரியருடன் அமர்ந்து பாருங்கள்; ஆசிரியர் பெயரைச் சபையில் படிக்காதீர்கள். நல்லது எழுதப்பட்டிருந்தால் அதையும் உரியவரிடம் சேருங்கள். பிள்ளைகள் எழுதும் சீட்டுகளில் அதுவும் இருக்கும்.

இனி, கேட்டதற்கு விடை தரவேண்டும். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பள்ளிப் பாதையின் தெருவிளக்கு ஆகியவற்றில் பஞ்சாயத்துத் தானே தலையிட்டு ஆவன செய்யலாம். ஆசிரியர் நியமனம் பஞ்சாயத்தின் கையில் இல்லை; ஆயினும் எந்தத் தேதி முதல் இடம் காலியாக இருக்கிறது, எத்தனை பாட வேளைகள் தவறின என்று குறித்து, மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகக் கல்வி அதிகாரிக்கு அனுப்பலாம். “ஆசிரியர் வேண்டும்” என்ற வெறும் மனுவைவிட, தேதியும் எண்ணிக்கையும் கொண்ட தீர்மானத்தைத் தட்டிக்கழிப்பது கடினம். மறுமொழி வராவிடில் அடுத்த மாதமும் அதே தீர்மானத்தை, கூடிய எண்ணிக்கையுடன் அனுப்புங்கள்.

செய்ததையும் செய்ய இயலாததையும், காரணத்துடன், பள்ளி வாயிலில் உள்ள கரும்பலகையில் எழுதுங்கள். சீட்டுப் போட்ட பெண் மறுநாள் அதைப் படிப்பாள். முதல் மாதம் பத்துச் சீட்டுக்கு மேல் வராது. அதற்காகப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒன்றையேனும் அடுத்த கூட்டத்துக்கு முன் முடியுங்கள். கழிப்பறைக் குழாயிலிருந்து தொடங்கலாம், அதற்குச் செலவும் குறைவு.