நிமோனியாவும் தொழிலாளியும்

(புதுவையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



2023 மார்ச் மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதுவையில் இன்புளூயன்சா காய்ச்சல் பரவியது. 16-ம் தேதி முதல் 26-ம் தேதி வரை, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சர்க்கார் விடுமுறை விட்டது. நல்ல காரியம். ஆனால், அந்தப் பிள்ளையின் இருமல் வீட்டிலுள்ள தாய் தகப்பனுக்கும் தொற்றுமே, அவர்களுக்கு விடுமுறை விட்டது யார்? பாகூர் வயலில் களை பறிக்கும் தாய் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. இராத்திரி ஷிப்டு பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி இரண்டு நாள் வராவிட்டால் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். ஆகவே காய்ச்சலோடு வேலைக்குப் போகிறோம். ஐந்தாறு நாள் கழித்து மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் மார்பைப் படமெடுத்துப் பார்த்து, நிமோனியா என்கிறார் டாக்டர்.

நிமோனியா என்றால் என்ன? நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. கிருமி புகுந்து அவற்றில் நீரும் சீழும் கட்டிக்கொள்வதுதான் நிமோனியா. நனைந்த பஞ்சுப் பொதிக்குள் காற்று நுழையுமா? அதே கதைதான்.

இந்தக் கிருமிகளில் பாக்டீரியா உண்டு, வைரஸும் உண்டு. பென்சிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை அவை தொடுவதுகூட இல்லை. நம் ஜனங்களோ, "டாக்டர், ஒரு ஊசி போடுங்கள், நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும்" என்று கேட்கிறார்கள். ஜனங்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக் கூலிதான் அப்படிக் கேட்க வைக்கிறது.

அமெரிக்காவில் சிகாகோ, நாஷ்வில் நகரங்களில் 2010 முதல் 2012 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெரியவர்கள் 2,259 பேரைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 23 பேரிடம் வைரஸ் மட்டும் இருந்தது. பாக்டீரியா மட்டும் இருந்தது 11 பேரிடம். சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸ்தான் முதலிடம், அதற்கடுத்தது இன்புளூயன்சா. மூக்கில் வைரஸ் இருந்ததாலேயே நோய்க்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இன்னொன்று, அவ்வளவு கருவிகள் உள்ள தேசத்திலேயே 100-க்கு 62 பேரிடம் எந்தக் கிருமியும் பிடிபடவில்லை! அதனால்தான் டாக்டர் சில சமயம் பாக்டீரியாவுக்கும் சேர்த்தே மருந்து கொடுக்கிறார். டாக்டர் கொடுத்தால் சாப்பிடுங்கள்; நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

வைரஸ் கதவைத் திறந்துவிட, பாக்டீரியா பின்னாலேயே நுழைவதும் உண்டு. 1918-ம் வருஷத்து இன்புளூயன்சாவில் பெரும்பாலோர் செத்தது அப்படித்தான். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் மாண்டார்கள். பம்பாய் நகரத்துக் கணக்கைக் கேளுங்கள்: ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள், தாழ்த்தப்பட்ட மக்களில் ஆயிரத்துக்கு 61 பேர். ஒரே ஊர், ஒரே கிருமி! ஒண்டுக் குடித்தனமும், அரைவயிற்றுக் கஞ்சியும், வைத்தியம் எட்டாத தூரமும்தான் அந்த வித்தியாசம்.

1957-ல் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்த இன்புளூயன்சா தேசமெங்கும் பரவியது. கணக்கில் வந்த நோயாளிகள் 44 லட்சம். இறந்தவர்கள் சுமார் 1,100 பேர். அந்த வைரஸ் 1918-ஐவிடச் சாது. பின்னால் வரும் பாக்டீரியாவை அடிக்கப் பென்சிலினும் அப்போது வந்துவிட்டது. 2020-ல் வந்த கொரோனாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரியை நீங்களே பார்த்தவர்கள்.

சரி, என்ன செய்வது? உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், பேச்சுக் குழறினால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். பீடி, சிகரெட்டால் நுரையீரல் நைந்தவர்களும், சர்க்கரை நோயுள்ளவர்களும் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

இன்புளூயன்சா வைரஸுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டால்தான் அதற்குப் பலன் அதிகம். இங்கேதான் நம் வழக்கு வருகிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி நோயில் படுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 100-க்கு 70 பங்கு கிடைக்கும். ஆனால் புதிதாக நோய் கண்டால் முதல் இரண்டு நாளுக்கு ஒரு காசு கிடையாது! எந்த இரண்டு நாளில் ஓய்வும் மருந்தும் வேண்டுமோ, அந்த இரண்டு நாளுக்குத்தான் சட்டம் பூட்டுப் போட்டிருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்கோ அந்த அட்டையே இல்லை.

1936 ஜூலை 30-ம் தேதி இந்தப் புதுவையில் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. கேட்காமல் வந்ததல்ல அது.

ஆகவே நாம் கேட்கிறோம்: முதல் இரண்டு நாளுக்கும் நோய்ப்படி வேண்டும், விவசாயத் தொழிலாளிக்கும் அது வேண்டும். மூச்சுத் திணறி வருகிறவருக்கு வைரஸ் பரிசோதனையும் மாத்திரையும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கவேண்டும். இன்புளூயன்சாவுக்கு வருஷா வருஷம் போடும் தடுப்பூசி இருக்கிறது. சென்னை, வேலூர்ப் பக்கம் இந்தக் காய்ச்சல் உச்சம் காண்பது அக்டோபர், நவம்பர் மழையில்தான் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். எனவே அந்த ஊசியை முதியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நுரையீரல் நோயுள்ள தொழிலாளர்களுக்கும் ஐப்பசி மழைக்கு முன்பே, ஆலை வாசலிலும் கிராமத்துச் சாவடியிலும் வந்து போடவேண்டும்.