எழுதிக்கொண்டு போகிறவர்களும் இருந்து படிக்கிறவர்களும்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரிலுள்ள ஒரு கல்லூரியிலிருந்து நம் சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. பிழைக்க வந்த தொழிலாளர்களைப் பற்றிப் படிக்கிற பன்னிரண்டு மாணவர்களை ஒரு மாதம் நம் பகுதிக்கு அனுப்ப விரும்புகிறார்களாம். சம்மதமா என்று கேட்கிறார்கள். செயற்குழுவில் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் வேறொரு கல்லூரிக்காரர்கள் வந்துபோனதை யாரும் மறக்கவில்லை. எட்டுப் பக்கப் படிவம் கொண்டுவந்தார்கள். கக்கூஸ் எத்தனை பேருக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு, கடன் எவ்வளவு, புருஷன் குடிப்பானா என்றெல்லாம் கேட்டார்கள். நம் பெண்கள் இட்லிக்கு மாவு அரைக்கிற நேரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அறிக்கை அச்சானதும் ஒரு பிரதி தருகிறோம் என்றார்கள். மூன்று கடிதம் போட்டோம். இன்றுவரை பதில் இல்லை. பார்சலை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்காமல் போனால் அதற்கு என்ன பெயர் என்று ரயில்வேயில் குப்பை கொட்டுகிற எங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் கதவைச் சாத்திவிடலாம் என்று சொல்ல நாங்கள் எழுந்து நிற்கவில்லை. இதே வேலையை வேறு விதமாகச் செய்த ஊர் ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறோம். நாங்கள் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். ஆங்கிலத்தை அகராதி வைத்துத்தான் படிக்கிறோம். ஆகவே மெதுவாகச் சொல்கிறோம்.

அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில், எர்லாம் என்று ஒரு சிறு கல்லூரி. குவேக்கர் என்னும் சமயத்தார் ஏற்படுத்தியது. மெக்சிகோ எல்லை அங்கிருந்து வெகு தூரம். எல்லையைப் பற்றிப் படிக்கிறவன் எல்லையில் இருந்து படிக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி பல ஆண்டுகள் ஒரு படிப்பை நடத்தியது. முதலில் எல் பாசோ, ஹுவாரெஸ் என்ற இரட்டை நகரங்களில். அவை ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக இரண்டு நாட்டில் இருப்பவை. பிறகு அரிசோனா மாநிலத்து டூசான் நகரத்தில். பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி, அங்குள்ள அமைப்புகளில் வேலை செய்து படிக்க வேண்டும்.

இதை நடத்துகிற ஊழியர்களின் வேலையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட படிப்பில் வகுப்பெடுப்பது கால் பங்குகூட இல்லை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளையை விடலாம் என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டு அம்மாவுக்கு அதனால் செலவு வராமல் பார்க்க வேண்டும். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளைப் பழக்க வேண்டும். காகிதம் இல்லாதவனிடம் 'உன்னிடம் காகிதம் இருக்கிறதா' என்று ஒரு மாணவன் வாய்தவறிக் கேட்டால் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். பருவம் முடிந்து பிள்ளைகள் போய்விடுவார்கள். ஊழியர் அதே தெருவில் மறுநாளும் நடக்க வேண்டும். ஆகவே அவர் உள்ளூரில் குடியிருக்கிறவராக, உள்ளூரார் நம்புகிறவராக இருந்தாக வேண்டும். நம்மிடம் படிவம் கொண்டுவந்தவர்களுக்கு நம் தெருவில் மறுநாள் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அங்கே படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். யுத்த காலத்தில் ஆள் போதாமல் 1942-ல் அமெரிக்கா மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தது. பெரும்பாலும் வயல் வேலைக்கு. 1943 முதல் 1945 வரை ரயில் பாதை வேலைக்கும். அவர்களும் நம் இனம்தான், தோழர்களே. கூலியில் பத்து சதவீதம் சேமிப்பு என்று பிடித்தார்கள்; பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவே இல்லை. மேஸ்திரி 'பிடித்து வைத்திருக்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1964-ல் அந்த ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். வேலை இருந்தது, ஆளும் வந்தான். காகிதம் மட்டும் இல்லாமல் போயிற்று.

1994-ல் மூன்று நாடுகளும் சேர்ந்து போட்ட வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்து எல்லையில் சரக்குக்கு வழி திறந்தது. அமெரிக்கச் சோளம் மலிவாக உள்ளே வந்தது. மெக்சிகோவின் சின்ன விவசாயி நொடித்தான். அதே 1994-ல் நகரங்களின் அருகே இருந்த கடவுகளில் வேலியும் காவலும் பலப்படுத்தி ஆளுக்கு வழியை அடைத்தார்கள். மூட்டைக்குப் பச்சைக்கொடி, மூட்டை தூக்குகிறவனுக்குச் சிவப்புக்கொடி! வழி அடைபட்டவன் பாலைவனத்தில் இறங்கி நடந்தான். வெயிலிலும் தாகத்திலும் அரிசோனாவில் மட்டுமே ஆயிரக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள்.

டூசான் நீதிமன்றத்தில் 2008 முதல் பல ஆண்டுகள், எல்லை தாண்டியவர்களை ஒரே நாளில் எழுபது பேர் வரை நிறுத்தித் தண்டித்தார்கள். கை, இடுப்பு, கால் மூன்றிலும் சங்கிலி. எல்லைப் படிப்புக்கு வருகிறவர்களை அழைத்துப் போய் அங்கே பார்வையாளர் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அங்கே படிவம் நிரப்ப ஒன்றுமில்லை. பார்ப்பதுதான் பாடம்.

எங்கள் மனசைத் தொட்டது வேறொன்று. டூசானில் 2000-த்தில் ஹ்யூமேன் பார்டர்ஸ் என்றொரு தொண்டமைப்பு உண்டானது. பிணம் கிடைத்த இடங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார்கள். எங்கே ஆள் சாகிறான் என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் தண்ணீர்ப் பீப்பாய் வைத்து, தூரத்திலிருந்து தெரியும்படி உயரமாக நீலக்கொடி கட்டினார்கள். மாவட்டப் பிரேதப் பரிசோதனை அலுவலகமும் கணக்குக் கொடுத்து உதவியது. படிப்பென்றால் அது படிப்பு. கணக்கெடுத்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

இந்தப் படிப்பு சும்மா வருவதுமில்லை. ஸ்காட் வாரன் என்று ஒரு புவியியல் ஆசிரியர். அஹோ என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் குடியிருந்து, பாலைவனத்தில் தண்ணீர் வைக்கிற தொண்டர்களோடு சேர்ந்தவர். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு பேருக்குச் சோறு, தண்ணீர், படுக்கை கொடுத்தார் என்று 2018 ஜனவரியில் கைது செய்தார்கள். இருபது வருஷம் வரை சிறைக்குப் போயிருக்க வேண்டியவர். 2019 ஜூனில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. நவம்பரில் மறுபடி விசாரித்து, அடைக்கலம் கொடுத்த குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள்.

நமக்கு அந்த நிலைமை இல்லை. இந்தியாவுக்குள் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் 1960-களின் கடைசியில் இதே ஊரில் மதராசி என்று சொல்லி நம் கடைகளை நொறுக்கினார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தபோது ரயில் நின்றது. எங்கள் இலாகாதான், வெட்கத்தோடு சொல்கிறோம். மே 8-ஆம் தேதி விடியலில், ஊருக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த 16 தொழிலாளர்கள் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்க, சரக்கு ரயில் ஏறியது. வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். கணக்கு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் சொன்னது. அந்தப் பாலைவனத்தில் செத்தவனுக்குக்கூட வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது!

ஆகவே அந்தக் கல்லூரிக்குச் சில நிபந்தனைகளோடு சம்மதம் எழுதலாம் என்பது எங்கள் யோசனை. நம் சாலில் வந்து தங்குவது நடக்காது. பத்துக்குப் பன்னிரண்டு கோலியில் ஆறு பேர் படுக்கிறோம். ஏழாவது ஆள் எங்கே காலை நீட்டுவான்? பக்கத்தில் அறை எடுத்துக்கொள்ளட்டும். கேள்வி கேட்கிற நேரத்துக்கு, அந்த நேரத்தில் போகிற வியாபாரத்தின் காசைக் கொடுக்கட்டும். விடியற்காலை இட்லிக் கூடை தூக்குகிற அக்கா ஒருவர், தோல் பட்டறை அண்ணாச்சி ஒருவர் என்று வகுப்பெடுப்போம். வாத்தியாருக்குக் கொடுக்கிற சம்பளத்தை அவர்களுக்கும் கொடுக்கட்டும். கோலிக்குள் போட்டோ கூடாது. ஆதார் எண்ணை எவனும் குறிக்கக் கூடாது. எழுதினதைத் தமிழில் இந்த மண்டபத்தில் முதலில் வாசிக்க வேண்டும். தப்பென்று நாம் சொன்னதைத் திருத்திய பிறகே கல்லூரிக்குப் போகலாம்.

கூடவே ஒரு வேலை. 2020-ல் இந்தப் பத்துத் தெருவிலிருந்து யார் யார் கிளம்பினார்கள், யார் ஊர் போய்ச் சேர்ந்தார்கள், யார் திரும்பவில்லை, எந்தப் பட்டறையில் எத்தனை மாதக் கூலி நின்றுபோயிற்று என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஒரு பிரதியைச் சங்கத்தில் வைக்க வேண்டும். இதற்குப் பன்னிரண்டு பேர் ஒரு மாதம் தாராளம். நம் கையால் முடிந்திருந்தால் எப்போதோ செய்திருப்போம். ஞாயிறு ஒரு நாள் போதவில்லை.

திட்டப் பொறுப்பாளராக வருகிறவர் யார் என்றும் கேட்டிருக்கிறோம். மாதம் முடிந்த பிறகும் மாதம் ஒரு தடவை இங்கே வந்து உட்கார அவருக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

கடிதத்தின் நகல் பலகையில் ஒட்டியிருக்கிறது. போன தடவை பதில் சொன்னவர்கள் தாய்மார்கள். ஆகவே வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு அவர்கள் மட்டும் தனியாகக் கூடிப் பேசட்டும். அவர்கள் சரி என்றால் திங்கட்கிழமை தபாலில் போடுவோம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுவோம்.